உயிர் பிழைத்த பிறகு – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் கேள்விகள் கேட்டு, மதிப்பெண் போட்டு அவர்களின் வாழ்க்கைத்தரத்தை ஆராய்கிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. ஆனால் காலையில் குளித்துத் தலை வாரி முடிப்பதற்குள் மறுபடி படுத்துவிடலாமா என்று இருக்கிறது. ஊக்கு மாட்டினால் விரல் நுனிக்குத் தெரிவதில்லை. வீட்டில் சொன்னால், உயிர் பிழைத்து வந்ததே பெரிது என்கிறார்கள். அதுவும் சரிதானே என்று டாக்டரிடம் சொல்வதையே விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டு என்ன ஆகப்போகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் சந்தேகத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில், டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரைக்கும்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கிற சோர்வு சோம்பல் இல்லை, மனப்பிரமையும் இல்லை. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிற, தூங்கி எழுந்தாலும் தீராத இந்தச் சோர்வு புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் மிக அதிகமாகச் சொல்லும் தொந்தரவுகளில் ஒன்று. அதற்குப் பின்னால் ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. இதில் எதுவுமே இல்லை என்றாலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிற நடைப்பயிற்சி ஓய்வைவிட நன்றாக உதவுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விரல் மரத்துப்போவதற்கு, மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பாக்லிடாக்சல் போன்ற மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிப்பது ஒரு தெரிந்த காரணம். உங்களுக்கும் அதுதானா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

'உயிர் பிழைத்ததே பெரிது' என்பதை யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பயந்து கிடந்தவர்கள், மூச்சு விட்டுச் சொல்கிற வார்த்தை அது. ஆனால் கேட்கிறவர் வாயை அது அடைத்துவிடுகிறது. வலிக்கிறது என்று சொன்னால் நன்றி கெட்டவளாகிவிடுவோமோ என்று நோயாளி பேசாமல் இருப்பார், ரிப்போர்ட் சுத்தமாக இருப்பதால் டாக்டரும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர். முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவருக்குப் புற்றுநோய் வந்தது. 1985இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில், தண்ணீரில் மூழ்குகிறவரைக் கரையேற்ற அருமையான வழிகளைக் கண்டுபிடித்துவிட்டு, கரைக்கு வந்த பிறகு இருமிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம் என்று ஆதங்கப்படுகிறார். அடுத்த வருடமே மீண்டவர்களுக்காக ஒரு தேசியக் கூட்டமைப்பு தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

சரி, மதிப்பெண். ஐரோப்பாவில் உருவாக்கி 1993இல் வெளியிட்ட ஒரு வினாத்தாள் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 30 கேள்விகள். கனமான பையைத் தூக்கச் சிரமமாக இருக்கிறதா, போன வாரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டியிருந்ததா, கவலைப்பட்டீர்களா, நோயால் பணக்கஷ்டம் வந்ததா என்று கேட்கும். பெரும்பாலானவற்றுக்கு 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'மிக அதிகம்' வரை நான்கு பதில்களில் ஒன்றை எடுக்க வேண்டும். உங்கள் வாழ்க்கை இந்த முப்பதுக்குள் அடங்காதுதான், அடங்குகிறது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி கேட்டால்தான் பல பேர் பதிலே சொல்கிறார்கள். ஒருத்தி சோர்வாக இருக்கிறது என்றால் வயசு என்று தள்ளிவிடலாம்; ஒரே மருந்து எடுத்த ஆயிரம் பேர் அதே கட்டத்தில் டிக் அடித்தால், அந்த மருந்தின் அளவைப் பற்றியே யோசித்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈதன் பாஷ் என்ற ஆய்வாளரின் குழு, பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் தங்கள் தொந்தரவுகளைக் கணினி வழியாக அவ்வப்போது பதிவு செய்தார்கள், ஏதாவது மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளிவந்த முடிவில் பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் அதைத் தாண்டியும் உயிரோடு இருந்த காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. உங்கள் நிலை வேறு, இந்தக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் தொந்தரவைச் சொல்வதும் அதை ஒருவர் காதில் வாங்குவதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்று நான் அடித்துச் சொல்வது இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான்.

அதனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் குறித்துவையுங்கள். எந்த நேரத்தில் சோர்வு, எதைச் செய்த பிறகு, எந்தெந்த விரல், ராத்திரி தூக்கம் எப்படி. 'கொஞ்சம் டயர்டா இருக்கு' என்று முடித்துக்கொள்ளாமல், தலை வாரி முடிப்பதற்குள் படுக்கத் தோன்றுகிறது என்று எனக்கு எழுதினீர்களே, அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பதில் சொல்லும்போது அவர்களும் பக்கத்தில் இருக்கட்டும்.