பாஸ் புத்தகத்தில் இல்லாத கட்டம்: மேற்படிப்புக் கேள்வி – பதில்

தகவல் முறைமைகள் மேற்படிப்பு குறித்து இந்த மாதம் வந்தவற்றில் மூன்று கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் (தகவல் முறைமைகள்) படிக்க விருப்பம். அம்மா பீடி சுற்றுகிறார். அவர் கடையில் வாங்கும் இலை, தூள், திருப்பிக் கொடுக்கும் பீடி ஆகியவற்றின் கணக்கை வைத்துக்கொள்ள ஒரு சிறிய செயலி எழுதியிருக்கிறேன். அதையே இறுதியாண்டுப் புராஜெக்ட்டாகக் கொடுக்கலாம் என்றால், வழிகாட்டி ஆசிரியர், "இது வெறும் கணக்கு எழுதுகிற வேலை, முகத்தை அடையாளம் காண்பது போல ஏதாவது செய்" என்கிறார். இந்தப் படிப்புக்கு நான் தகுதியானவள்தானா? எந்த வழியில் போக வேண்டும்?
– வாசகி, முக்கூடல்

பதில்: முதலில் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றக் கேள்விகளுக்கான விடையும் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினி அறிவியலில் புதிய நுட்பத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால் அவர் அப்படிச் சொல்கிறார். நீங்கள் போக நினைக்கும் துறையின் கேள்விகள் வேறு. ஒரு நிரல் எப்படி வேகமாகவும் பிழையின்றியும் ஓடும் என்று கணினி அறிவியல் கேட்கும். அந்த நிரலைக் கடையிலோ வங்கியிலோ மருத்துவமனையிலோ கொண்டுபோய் வைத்த பிறகு, அங்கே எதைப் பதிவு செய்கிறார்கள், எது பதிவாகாமல் நழுவுகிறது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று தகவல் முறைமைகள் துறை கேட்கும்.

பீடிக் கடைக் கணக்கு எழுதும் அம்மாவின் பாஸ் புத்தகத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை விரித்துப் பாருங்கள். தேதி, கொடுத்த இலையின் எடை, தூளின் எடை, திரும்பி வந்த பீடியின் எண்ணிக்கை, கழித்தது, கூலி என்று கட்டங்கள் இருக்கும். நல்ல இலையா, ஓட்டை விழுந்த இலையா என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். சொளவை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டுகிறவருக்கு, அந்த இலையில் எத்தனை பீடி தேறும் என்பது தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். கடைக் கணக்குக்கோ எல்லாக் கிலோவும் ஒரே கிலோதான். இலை பற்றாதபோது கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையை ஈடுகட்டுகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அந்தச் செலவு எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஒரே பாஸ் புத்தகத்தின் பேரில் வீட்டில் இரண்டு பெண்கள் சுற்றுவதும் உண்டு; வைப்பு நிதி ஒருவர் பெயருக்கு மட்டுமே சேரும். உங்கள் செயலி இருக்கிற புத்தகத்தை அப்படியே கைபேசித் திரைக்கு மாற்றுகிறது என்றால், ஆசிரியர் சொன்னது சரி, அது கணக்கு எழுதுகிற வேலைதான். இலையின் தரத்துக்கு ஒரு கட்டமும் கைக்காசில் வாங்கிய இலைக்கு ஒரு கட்டமும் சேர்த்து, பத்துப் பேரிடம் இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்து, யார் விடாமல் பயன்படுத்தினார்கள், யார் நாலாம் நாளே கைவிட்டார்கள், ஏன் என்று நீங்கள் எழுதிவைத்தால், அதை இந்தத் துறையின் பேராசிரியர் எவரும் ஆய்வு என்றுதான் சொல்வார்.

மிகையாகச் சொல்லவில்லை. இந்தத் துறை 1960களின் இறுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் டேவிஸ் என்பவரின் முயற்சியால் தனிப் பாடமாக வளரத் தொடங்கியது. அங்கிருந்து 1977-இல் வெளிவரத் தொடங்கிய எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் முறைமைகள்) குவார்ட்டர்லி என்ற ஆய்விதழ் இன்றும் துறையின் முன்னணி இதழ்களில் ஒன்று. அதே இதழில் 1989-இல் ஃபிரெட் டேவிஸ் ஒரு கட்டுரை எழுதினார். (இரண்டு டேவிஸும் வேறு வேறு ஆட்கள், மாணவர்கள் விடைத்தாளில் குழப்பிக்கொள்வது வழக்கம்.) ஒரு கணினி முறைமையை மக்கள் ஏற்பதும் ஒதுக்குவதும், அது தங்களுக்குப் பயன்படும் என்றும் கையாள எளிது என்றும் அவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பது அந்தக் கட்டுரையின் சாரம். முக்கூடலில் நாலாம் நாளே செயலியைக் கைவிட்ட ஓர் அக்காளிடம் நீங்கள் கேட்கப்போவதும் இதே கேள்விதான். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய நோக்க உரையில், "சிறு வயது முதலே கணினி மீது ஆர்வம்" என்ற தேய்ந்த வரியை விட்டுவிட்டு, அந்த இல்லாத கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி வழி. உங்களுக்கு முன்னால் நிற்கும் தடை ஆண்டுக் கணக்கு. பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்தால் பதினைந்து. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணிசமானவை பதினாறு ஆண்டுப் படிப்பை, அதாவது நான்காண்டு இளங்கலைக்கு இணையானதை எதிர்பார்க்கின்றன. மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் இடங்களும் உண்டு, ஆனால் பட்டியல் சுருங்கிவிடும். ஆகவே, இங்கேயே எம்.சி.ஏ. முடித்துவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து. மூன்று ஆண்டாக இருந்த எம்.சி.ஏ. 2020-21 முதல் தமிழ்நாட்டில் இரண்டு ஆண்டாகிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுதி, கலந்தாய்வு வழியாக அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால் செலவும் தாங்கும். கணிதம் உங்களுக்குக் கைவந்தது என்றால் என்.ஐ.டி.களுக்கான நிம்செட் தேர்வையும் எழுதுங்கள், திருச்சி என்.ஐ.டி. அதில் அடங்கும். வெளிநாடு பிறகு தேவையில்லை என்று தோன்றினாலும் அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகாது.

அந்த இடைவெளியில், பி.எஸ்சி.யில் உங்களுக்குக் கிடைக்காத மூன்று பாடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கணக்கியல், புள்ளியியல், நிறுவன நடத்தையியல். ஸ்வயம் தளத்தில் உள்ள என்.பி.டி.இ.எல். வகுப்புகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும், ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகள் மட்டுமே. ஆகையால் ஜி.ஆர்.இ.யை எம்.சி.ஏ. முதலாண்டு விடுமுறையில் எழுதலாம், ஆங்கிலத் தேர்வை விண்ணப்பிக்கும் பருவத்துக்கு ஒத்திவையுங்கள். இப்போதே பணத்தைக் கட்டிவிட வேண்டாம்.

ஜெர்மனியையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். அங்கே இளங்கலையே பெரும்பாலும் மூன்று ஆண்டுதான் என்பதால் ஆண்டுக் கணக்கை விட, கணினி, மேலாண்மை, கணிதம் ஒவ்வொன்றிலும் நீங்கள் எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்ற பாடக் கணக்குக்கே முக்கியத்துவம் தருவார்கள். மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்திலும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறையில் முதுகலை உண்டு. ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று ஊரில் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்: மியூனிக்கில் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பியரல்லாத புதிய மாணவர்களுக்குக் கட்டணம் உண்டு. விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. ஏ.பி.எஸ். எனப்படும், நம் கல்விச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்க்கும் நடைமுறையும் 2022 நவம்பர் முதல் கட்டாயம்.

கேள்வி: என் மகன் பி.இ. முடித்துச் சென்னையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். அமெரிக்காவில் எம்.ஐ.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மொத்தம் நாற்பது லட்சம் ஆகும் என்கிறான். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பது சரியா? அதற்குப் பதிலாக எம்.பி.ஏ. படித்தால் என்ன?
– ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: ஐயா, மகன் நான்காண்டுப் பட்டமும் அனுபவமும் உள்ளவர் என்பதால் தகுதியில் சிக்கல் இல்லை, கேள்வி பணத்தைப் பற்றியதுதான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, கல்விக் கடன் நான்கு லட்சம் வரை பிணை கேட்பதில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பார்கள். ஆகவே பத்திரம் இல்லாமல் நாற்பது லட்சம் பொதுத்துறை வங்கியில் கிடைப்பது அரிது. நாற்பது லட்சம் முழுவதையும் முதல் நாளே, உதாரணத்துக்குப் பத்து சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு இரண்டு ஆண்டு, வேலை தேட ஓராண்டு என மூன்று ஆண்டுக்குத் தனி வட்டியே பன்னிரண்டு லட்சம் ஆகிவிடும். தவணை தவணையாக எடுப்பதால் உண்மையில் சற்றுக் குறையும். இருந்தாலும், திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் ஐம்பது லட்சத்தை ஒட்டி நிற்கும் என்று எண்ணிக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் மகனிடம் ஒன்று கேளுங்கள்: அவருக்கு இடம் கிடைத்த படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ளதா? அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற பெயரில் பன்னிரண்டு மாதம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஸ்டெம் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் இருபத்து நான்கு மாதம் கிடைக்கும். எம்.ஐ.எஸ். பல இடங்களில் வணிகப் பள்ளியில் நடக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. படிப்பு எந்த வகை என்று காட்டும் சி.ஐ.பி. எண்ணைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த எண் பட்டியலில் இல்லை என்றால், அந்த இடத்துக்காகப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

எம்.பி.ஏ. பற்றி: மகன் இப்போது எழுதும் நிரல்களை விட, தரவையும் வணிகத்தையும் இணைக்கும் வேலையை விரும்புகிறார் என்றால் எம்.ஐ.எஸ். பொருத்தம். மனிதர்களை மேய்க்கிற வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால் ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) தேர்வை எழுதட்டும். 2011-இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். ரயிலில் போய் வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பட்டம் வரை என் பெயருக்கு முன் அப்பாவின் பெயருடைய இனிஷியல் மட்டுமே இருக்கிறது. ஜி.ஆர்.இ. பதிவில் 'குடும்பப் பெயர்' கேட்கிறார்கள். என்ன எழுதுவது?
– வாசகர், வள்ளியூர்

பதில்: நம் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு, பிறகு ஜி.ஆர்.இ.க்குப் பதிவு செய்யுங்கள், ஏனெனில் தேர்வு நாளில் இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் உங்கள் பெயரை முதற்பெயர் (Given Name) கட்டத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயரைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ., அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அச்சாகும். பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்றெழுத்து உங்களை விடாது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, மதுரைக்குப் போக வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் உள்ள இனிஷியல் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள விரிந்த பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழி வாங்கி, விண்ணப்பக் கட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் கேட்க வேண்டும், பட்டத்துக்கு மட்டும் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் இரண்டுக்கும் அபிஷேகப்பட்டிதான். உறையில் முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள், ஐந்தாறு பிரதிகளை ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் வள்ளியூரிலிருந்து தனித்தனியாகப் பஸ் ஏறிக்கொண்டிருக்க முடியாது.