இரண்டு நாளில் வரும் தண்ணீர் அறிக்கை

கேள்வி: எங்கள் களப்போரம் உள்ள இறால் பண்ணை இரவில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறது. போன கிழமை திரளியும் நண்டும் செத்து ஒதுங்கின. தண்ணீரைப் பரிசோதித்து இரண்டு நாளில் அறிக்கை எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். தண்ணீரில் உள்ள அழுகல் எவ்வளவு ஒட்சிசனைத் தின்கிறது என்று பார்க்கும் பீ.ஓ.டி. சோதனைக்கே வழமையாக 5 நாள் வேண்டும். இரண்டு நாளில் தருகிறவர் எதைத் தரப்போகிறார்?

சரி, ஆய்வுகூடம் உண்மையானதாகவே இருக்கட்டும். அறிக்கையின் அடியில் ‘கிடைத்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். போத்தலை எங்கே நிரப்பினார்கள் என்பதற்கு ஆய்வுகூடம் பொறுப்பில்லை. பண்ணையின் சட்டத்தரணிக்கு அந்த ஒரு வரி போதும். இந்தத் தரகர்களில் சிலர் மறுபக்கத்துக்கும் வேலை செய்வார்கள்: நல்ல தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலில் போத்தலை நிரப்பி, பண்ணைக்கு நற்சான்று எடுத்துக் கொடுப்பார்கள்.

மாதிரியை மத்திய சுற்றாடல் அதிகாரசபை அலுவலர் எடுக்க வேண்டும். நீங்களும் பண்ணையாரும் பக்கத்தில் நிற்க வேண்டும். அறுவடை நாளில் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். குளத்தை வடிக்கும்போது கடைசியாக வரும் தண்ணீரில்தான் அடிச்சேறு திரண்டு வரும். களப்பில் ஒட்சிசன் ஆகக் குறைவது விடியுமுன். ஜீப் பத்து மணிக்கு வந்து அளந்தால் எல்லாம் சுகமாகத்தான் தெரியும். விடியுமுன் வரவைப்பதற்கு எத்தனை கடிதம் எழுத வேண்டுமோ! ‘இது எங்கள் பிரிவு இல்லை’ என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2008 வர்த்தமானியில் உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு பீ.ஓ.டி. எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம், கரையோரக் கடலில் விடுவதற்கு 100 என்று இருந்தது. இலக்கங்கள் விளங்காவிட்டால் விடுங்கள். களப்புக்கு எந்த எல்லையை வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பண்ணையின் உரிம நிபந்தனைகளையும் பழைய சோதனை அறிக்கைகளையும் 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்; 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் ஆறுதலாகக் கேளுங்கள். செத்த மீன் எல்லாவற்றுக்கும் பண்ணை காரணம் இல்லை. கோடையில் முகத்துவாரம் மண்ணடைத்து, தண்ணீர் வற்றிச் சூடேறினால், பாசி இரவில் ஒட்சிசனை இழுத்துவிடும். பண்ணையே இல்லாத களப்பிலும் மீன் சாகும். முதல் மாரி வெள்ளத்தில் உப்பு திடீரென்று இறங்கினாலும் சாகும். களப்பு முழுக்கச் சாவு பரவியிருந்தால் இவற்றை முதலில் சந்தேகியுங்கள். வடிகால் வாயருகே குவிந்து, தூரப் போகப் போகக் குறைந்தால் பண்ணையைச் சந்தேகியுங்கள். இதைப் பிரிக்காமல் முறைப்பாடு கொடுத்தால், ‘கோடை வெக்கை’ என்று ஒரே வரியில் கோவையை மூடிவிடுவார்கள்.

அதனால் ஒரு கொப்பி போடுங்கள். வடிகால் வாயில், சற்றுத் தள்ளி, பண்ணைத் தண்ணீர் போகாத தூரத்தில் என மூன்று இடங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சேற்றை ஒரே அரிதட்டில் அலசி, சிப்பி, நத்தை, புழு எத்தனை வகை என்று எழுதிப் படமும் எடுங்கள். வகைகள் குறைந்து ஒரே சிறு புழு மட்டும் பெருகினால் நல்ல அறிகுறி இல்லை. தண்ணீர் ஓடிவிடும், சேற்றில் உள்ளவை அங்கேயே கிடக்கும். அடுத்த அறுவடைத் திகதியை விசாரித்து, அதற்கு முந்திய கிழமையே முதல் பதிவைப் போட்டுவிடுங்கள்.