பிரிட்டனில் மலைக்குப் போக என்ன மடக்குக் கத்தி வாங்கலாம்?

தம்பி, லீட்ஸுக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள், நண்பர்களோடு லேக் டிஸ்ட்ரிக்டில் கூடாரம் போடப் போகிறீர்கள், நம்பி வாங்க ஓபினெல் எட்டாம் நம்பர் சரியா என்று கேட்டிருந்தீர்கள். கத்தி அருமையானதுதான். ஆனால் இங்கே எஃகு எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், விரித்த அலகு பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் இல்லாமலே பையில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை போச்சு. எவ்வளவு சின்னக் கத்தியானாலும் நீதிமன்றம் அதை மடக்குக் கத்தியாகவே எண்ணாது. ஓபினெல் எட்டின் அலகு 8.5 செ.மீ., கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் வேறு. இரண்டு விதத்திலும் மாட்டும். முகாமுக்குப் போகிற வழியில் கூடார மூட்டைக்குள் இருந்தால் தக்க காரணம் சொல்லலாம். மறுவாரம் சிட்டி சென்டரில் கோட்டுப் பையில் இருந்தால்? தற்காப்புக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைவிட மோசமான பதில் கிடையாது.

நான் வைத்திருப்பது விக்டோரினாக்ஸ் ஃபார்மர். மூடினால் 93 மி.மீ., வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள்ளேதான், பூட்டும் இல்லை. மேடு பள்ளமான அலுமினியக் கைப்பிடி, மழையில் நனைந்த கைக்கும் வழுக்காது. அதிலுள்ள ரம்பத்துக்காகவே வாங்கலாம்; கட்டைவிரல் தடிமனுள்ள காய்ந்த குச்சியைச் சிக்காமல் அறுக்கும். (பச்சை மரத்தில் கை வைக்காதீர்கள்.) பேரை மட்டும் பார்த்து வாங்கவும் கூடாது: அதே கம்பெனியின் 111 மி.மீ. ரகங்களில் பெரும்பாலானவை பூட்டிக்கொள்ளும். குறடு, கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும் லெதர்மேன் வேவும் அப்படித்தான்.

கடையில் வயதுக்குச் சான்று கேட்கலாம்; 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தி தவிர மற்றவற்றுக்குப் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். கையில் வாங்கியதும் அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது. மடக்கும்போது வில் விறைப்பாக எதிர்த்துவிட்டு, கடைசியில் டப்பென்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டில்லாத கத்தியால் எதையும் குத்தித் துளைக்காதீர்கள், விரல்மேல் மடங்கிவிடும். துளை போட அதிலேயே குத்தூசி இருக்கிறது. திரும்பி வந்ததும் சுடுதண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, கீலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டால் போதும். அப்புறம், வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். இந்தக் குளிருக்கு அது கீலுக்குள்ளேயே உறைந்துவிடும்.