ரீல்ஸ் பார்த்தே விடிகிறது: நான் இணையத்துக்கு அடிமையா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பதினோரு மணிக்கே படுத்தாலும் ரீல்ஸ் பார்த்துப் பார்த்து இரண்டு, மூன்று மணியாகிவிடுகிறது. காலை வகுப்புகளைத் தவறவிடுகிறேன். செயலிகளை நீக்கினாலும் இரண்டே நாளில் மறுபடி பதிவிறக்கிவிடுகிறேன். சில வாரங்களாக எதிலும் பிடிப்பில்லை. நான் இணையத்துக்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

‘இணைய அடிமைத்தனம்’ என்ற பெயரில் தனி நோய் எதுவும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த, ஐசிடி-11 என்ற அந்நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. அதன் அளவுகோல்கள் உங்களுக்கும் உதவும்: நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஓராண்டாவது இப்படி நீடித்தால்தான் கோளாறு என்பார்கள். எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை. இணைய அடிமைத்தனத்தை அளக்க உளவியலாளர் கிம்பர்லி யங் உருவாக்கிய 20 கேள்விச் சோதனை இணையத்திலேயே கிடைக்கும். அதன் மதிப்பெண்ணை வைத்து உங்களுக்கு நீங்களே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த காணொளி பிடிக்குமா, சலிக்குமா என்று முன்கூட்டியே தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்காகத்தான் உயிர்கள் விடாமல் முயல்கின்றன என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் எப்போதோ சோதனைகளில் காட்டிவிட்டார். போதாக்குறைக்கு, ரீல்ஸுக்கு முடிவே கிடையாது.

செயலியை நீக்கினால் செயலி மட்டும்தான் போகும், உங்களை அங்கே துரத்தும் காரணம் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு வாரம் எதையும் மாற்றாமல், கைப்பேசியை எடுக்கும்போது மனதில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். நாளை ஒப்படைக்க வேண்டிய, இன்னும் தொடங்காத கட்டுரையா? பேச ஆளில்லாத வெறுமையா? முதலாவதென்றால் கட்டுரையின் முதல் பத்தியை மாலையிலேயே எழுதிவிடுவது, எந்தப் பூட்டுச் செயலியையும்விடப் பலன் தரும்.

அந்த வாரம் முடிந்ததும் உறக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள், விடுமுறையிலும் அதே நேரம்தான். படுக்கையிலிருந்து கை எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். படிப்புக்கே இணையம் தேவை என்பதால் முழுத் துறவு வேண்டாம். படுக்கையும் கைப்பேசியும் பிரிந்தாலே போதும்.

இனி அந்தப் பிடிப்பின்மை. தூக்கம் கெட்டால் மனம் சோரும். சோர்ந்த மனம் திரையைத் தேடும். எது முதலில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முன்பு பிடித்தவையும் இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நேரம், பிடிக்காமல் போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கைப்பேசியைக் குறைப்பதால் மட்டும் அது தீராது. பல்கலைக்கழக மனநல ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்தே மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வு, கைப்பேசிப் பழக்கம் இரண்டுக்கும் உதவும். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயக்கமாக இருந்தால், குறித்துவைத்த அந்தத் தாளை நீட்டுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.