பயிற்சியாளர் பாப் வார்னர்: கேள்வி பதில்

கேள்வி: வார்னர் யார்?

கார்னெல் பல்கலையில் சட்டம் படித்துவிட்டு, 1895 முதல் 1938 வரை அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். பெயர் வாங்கியது கார்லைல் பள்ளியில். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசக்கூடாதென்று தடுத்த அரசுப் பள்ளி அது. வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து அவரை எடை போடாதீர்கள்.

கேள்வி: இது நம் கால்பந்துதானே?

இல்லை, இது அமெரிக்கக் கால்பந்து. இதில் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள்.

கேள்வி: பந்தை முதுகில் ஒளித்த கதை நிஜமா?

நிஜம். 1903, ஹார்வர்டு மைதானம், ஹார்வர்டுக்கு எதிரே வார்னரின் கார்லைல் அணி. இரண்டாம் பாதி தொடங்கியதும் கார்லைலின் ஜிம்மி ஜான்சன் பந்தைப் பிடித்தார், மற்றவர்கள் அவரைச் சுற்றி மறைத்துக்கொண்டார்கள். சார்லஸ் டிலனுடைய சட்டையின் அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தது. பந்து அதன் முதுகுப்பக்கம் போய்விட்டது. டிலன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினார். வெறுங்கை ஆளை யார் மடக்குவார்கள்? நேரே எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டார். ஆனாலும் ஆட்டத்தை ஹார்வர்டு 12-11 என்று ஜெயித்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 1907. பந்தை முன்னோக்கி எறிவதற்கு முந்தைய ஆண்டுதான் விதியில் இடம் கிடைத்திருந்தது. பல பெரிய அணிகள் தயங்க, கார்லைல் பையன்கள் பந்தைச் சுழலவிட்டு எறிந்து பென்சில்வேனியாவை 26-6 என்று வீழ்த்தினார்கள்.

கேள்வி: ஜிம் தோர்ப் பதக்கம் இழந்ததற்கு வார்னர்தான் காரணமா?

தோர்ப் கார்லைலில் வார்னரிடம் பழகிய ஆட்டக்காரர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவர் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடினார். பல கல்லூரிப் பையன்கள் பொய்ப் பெயரில் ஆடியபோது இவர் சொந்தப் பெயரிலேயே ஆடினார். காசு வாங்கி விளையாடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. 1913இல் செய்தி வெளிவந்ததும், ஸ்டாக்ஹோமில் வென்ற 2 தங்கமும் போயின. வார்னர் தனக்கு எதுவும் தெரியாதென்று ஒதுங்கிக்கொண்டார்.

கேள்வி: உண்மையிலேயே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாமே? அநியாயமாகப் பழி போடுகிறீர்கள்.

நான் ஏற்கமாட்டேன். தன் ஆட்டக்காரன் கோடை முழுக்க எங்கே போனான் என்று கேட்காத பயிற்சியாளரா? அப்படியே தெரியாதென்று வைத்துக்கொண்டாலும், பையன் பக்கம் நின்றிருக்க வேண்டும். போட்டி முடிந்து 30 நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அதைச் சொல்லி வாதாட ஆளில்லை. இந்த மனிதர் சட்டம் படித்தவர்!

கேள்வி: இருந்தாலும் மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்களே?

எல்லாரும் இல்லை. 1914இல் நாடாளுமன்றக் குழு கார்லைலை விசாரித்தபோது, அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், அடித்தார் என்று அவருடைய ஆட்டக்காரர்களே சாட்சி சொன்னார்கள். அதனால்தான் மறுபடி சொல்கிறேன், கணக்கை மட்டும் பார்க்காதீர்கள்.

கேள்வி: பதக்கம் திரும்ப வந்ததா?

1982இல் கூட்டு வெற்றியாளராக, 2022இல் தனி வெற்றியாளராக. தோர்ப் 1953இலேயே இறந்துவிட்டார்.

கேள்வி: முதுகில் பந்தை ஒளித்தது சட்டப்படி சரியா?

அன்றைய விதியில் தடை இல்லை. முதுகுப் பந்து பற்றி இத்தோடு போதும்.

கேள்வி: கார்லைலுக்குப் பிறகு?

பிட்ஸ்பர்க். 1915, 1916, 1917 மூன்று பருவமும் தோல்வியே இல்லை. அப்புறம் ஸ்டான்ஃபோர்டு, கடைசியில் டெம்பிள். 1928 ரோஸ் பௌல் என்ற புத்தாண்டுப் போட்டியில் ஸ்டான்ஃபோர்டு 7-6 என்று தோற்கடித்தது அவருடைய பழைய பிட்ஸ்பர்க்கைத்தான். அந்த அணியின் பயிற்சியாளர் ஜாக் சதர்லேண்ட், வார்னரிடம் ஆடிப் பழகியவர்.