வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கா பிள்ளையை அனுப்புவது?

கருங்கல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு,

மகள் ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், நீட் மட்டும் கைகூடவில்லை. மார்த்தாண்டத்தில் ஒருவர் "ஆறு மாச ஹோம் நர்ஸ் கோர்ஸ், முடிச்சதும் ஜெர்மனி" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். வளைகுடாவில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரரோ, "கிழடுகளுக்கு மலமூத்திரம் அள்ளவா பிள்ளையைப் படிக்க வச்சேன்" என்று போனில் சத்தம் போடுகிறார். அவர் கோபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முன்பணம் கொடுக்காதீர்கள். ஆனால் அந்த ஆள் காட்டுகிற முதியோர் பராமரிப்புத் துறை பொய்யில்லை.

மக்கள்தொகை குறையாமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தமிழ்நாட்டில் 2020-லேயே அது 1.4. ஆயுளும் கூடிவிட்டது. 2011-ல் நம் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது தாண்டியவர்கள். 2031-ல் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. குமரி மாவட்டத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நமக்குத்தான். பெண்கள் படித்தார்கள், குடும்பம் சின்னதானது, படித்த பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். இரண்டு மாடி வீடு, உள்ளே பாட்டியும் ஒரு ஹோம் நர்ஸும், மகன் அபுதாபியில். இந்தக் காட்சியை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆறு மாதப் படிப்பு ஏன் போதாது? பக்கவாதம் வந்த பாட்டா ஒருவருக்குக் கஞ்சி கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் தண்ணீர்க் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நாலு நாளில் நிமோனியா. அதனால் நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியாகக் குழைத்து, சிறு கரண்டியில் கொடுத்து, ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று பார்க்க வேண்டும். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குதிகாலிலும் இடுப்பெலும்பின் மேலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், விட்டால் படுக்கைப்புண். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று பழகாமல் படிக்க முடியாது.

ஆகவே நான் சொல்வது பி.எஸ்சி. நர்சிங், நாலு வருடம். முடியாவிட்டால் மூன்று வருட டிப்ளமா நர்சிங். கையால் செய்யும் வேலையில் அவளுக்கு ஆர்வம் அதிகமென்றால் பிசியோதெரபி. எலும்பு முறிந்த பாட்டியை மறுபடி நடக்க வைப்பது அவர்கள்தான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போகிறவர்களில் நர்சும் பிசியோவும் உண்டு. முதியோர் மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. இந்தியாவிலேயே அதற்கு முதல் பிரிவு 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது.

ஜெர்மனி, ஜப்பான் கனவைக் கலைக்க வேண்டாம். ஜப்பானில் 2000-லிருந்து முதியோர் பராமரிப்புக்கே தனிக் காப்பீடு இருக்கிறது; நாற்பது வயது ஆன எல்லோரும் அதற்குக் கட்டுகிறார்கள். பணம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஜெர்மனியில் மூன்று வருட நர்சிங் பயிற்சிக்கே மாதாமாதம் ஊதியம் தருகிறார்கள். ஆனால் மொழி வேண்டும். இங்கே முடித்த நர்ஸ் அங்கே நர்ஸாகப் பதிவு பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்ற தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் கோபம். மலமூத்திரம் உண்டு, மறைக்க மாட்டேன். ஐ.சி.யூ. நர்சுக்கும் அது உண்டு. மகள் முகம் சுளிக்கிறாளா என்று தெரிந்துகொள்ள, உங்கள் மாமியாரையே ஒரு வாரம் அவள் பொறுப்பில் விடுங்கள். முடியவில்லை என்றால் லேப் டெக்னீஷியன் படிப்பு இருக்கிறது, வெட்கப்பட எதுவுமில்லை. கல்யாணச் சந்தையில் நர்சுக்கு என்ன மதிப்பு என்று வீட்டுக்காரர் கேட்டால், அவர் வேலை பார்க்கும் ஊரிலேயே நம்மூர் நர்சுகளைக் கட்டியவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கவுன்சிலிங் விண்ணப்பம் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவின் தளத்தில் வரும். தனியார் கல்லூரி என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் நடப்பு வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் போட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.