கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் பொருளாதார நிலையை மாதாமாதம் எந்த எண்களைக் கொண்டு அறிவது? எண்ணெய் விலை ஏறினால் வேலைவாய்ப்பும் பெருகுமா?

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இம்மாகாணத்தின் கால்கரி நகருக்கு வேலை தேடி வர எண்ணியிருப்பதாகக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். 2014 வரை எண்ணெய் விலையும் வேலைவாய்ப்பும் கைகோத்தே நடந்தன. அதன்பின் அந்தப் பிணைப்பு பெரிதும் தளர்ந்துவிட்டது. விலை ஏறினால் மாகாண அரசின் கருவூலம் நிரம்புகிறது, நிறுவனங்களின் இலாபம் கூடுகிறது. வேலை அதே வேகத்தில் கூடுவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மாதாந்திர எண்களைப் படிக்க வேண்டும்.

எட்மன்டனுக்குத் தெற்கே நிஸ்கு தொழிற்பேட்டையில், எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக்குகளுக்கு உதிரிபாகங்கள் வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு சரக்கு வாங்கி வைப்பது என்று முடிவெடுப்பதற்காக, மாதந்தோறும் இந்த எண்களைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. 1947 பிப்ரவரியில் லெடுக் வட்டாரத்தில் எண்ணெய் கிடைத்ததிலிருந்து இந்தப் பகுதியின் வாழ்வே அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

முதலில் விலை. செய்திகளில் வரும் எண்ணெய் விலை பெரும்பாலும் டபிள்யூ.டி.ஐ. எனப்படும் அமெரிக்க எண்ணெயின் விலை. அது ஓக்லஹோமாவில் உள்ள குஷிங் என்னும் இடத்தில் ஒப்படைக்கப்படும் இலேசான எண்ணெய்க்கு உரியது. ஆல்பர்ட்டா விற்பதில் பெரும்பங்கு எண்ணெய் மணலிலிருந்து எடுக்கப்படும் கெட்டியான, கந்தகம் மிகுந்த எண்ணெய். அதைக் குழாயில் ஓடவைக்க நீர்மமான ஹைட்ரோகார்பன்களைக் கலக்க வேண்டும், சுத்திகரிக்கத் தனித் திறன் கொண்ட ஆலை வேண்டும், வாங்குவோர் இருக்கும் இடமோ நெடுந்தொலைவு. ஆகவே அதன் விலையான டபிள்யூ.சி.எஸ். எப்போதும் குறைவாகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இவ்விரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளியை.

அந்த இடைவெளி எவ்வளவு கொடியதாக இருக்க முடியும் என்பதை 2018-ன் இறுதி மாதங்களில் கண்டோம். குழாய்கள் நிரம்பி வழிந்தன, கிடங்குத் தொட்டிகள் நிறைந்துவிட்டன, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிச் சுத்திகரிப்பு ஆலைகள் சில பராமரிப்புக்காக நின்றிருந்தன. அந்த அக்டோபரில் இடைவெளி பீப்பாய்க்கு 40 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நவம்பரில் ஆல்பர்ட்டாவின் கெட்டி எண்ணெய் 15 டாலருக்கும் கீழே விற்ற நாட்கள் உண்டு. உலகச் சந்தையில் எண்ணெய் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த வேளையில் இங்கே அரசும் நிறுவனங்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. டிசம்பர் 2 அன்று அன்றைய முதல்வர் ரேச்சல் நாட்லி, 2019 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 3,25,000 பீப்பாய் உற்பத்தியைக் கட்டாயமாகக் குறைக்க ஆணையிட்டார். டபிள்யூ.டி.ஐ.யை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஆண்டின் இறுதி புரிந்திருக்கவே முடியாது.

2024 மே 1 அன்று விரிவாக்கப்பட்ட டிரான்ஸ் மவுன்டன் குழாய் இயங்கத் தொடங்கியது. எட்மன்டனிலிருந்து பசிபிக் கரையில் உள்ள பர்னபி வரை செல்லும் அந்தக் குழாயின் கொள்ளளவு நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாயிலிருந்து 8,90,000 பீப்பாயாக உயர்ந்தது. ஒன்றிய அரசு அதை 2018-ல் விலைக்கு வாங்கி, சுமார் 3,400 கோடி கனடிய டாலர் செலவில் விரிவாக்கத்தைக் கட்டி முடித்தது. செலவு கட்டுக்கடங்காமல் போனது உண்மைதான். ஆயினும் அதன்பின் இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 15 டாலருக்குள் அடங்கியிருப்பதும், கப்பல்கள் ஆசியாவுக்குப் போவதும் கண்கூடு. மாகாணத்தின் கச்சா எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய் அளவில் இருக்கும்போது, இடைவெளி ஒரு டாலர் சுருங்குவது சின்ன விஷயமல்ல.

அடுத்தது நாட்காட்டி. இந்த மாகாணத்தின் மாத எண்களைப் பார்த்து அஞ்சுவோரில் பலர், பருவத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். வடக்கில் பெரும்பகுதி சதுப்பு நிலம். குளிர்காலத்தில் அது உறைந்து பாறைபோல் ஆனால்தான் கனத்த ரிக்குகளை உள்ளே கொண்டுபோக முடியும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் இயங்கும் ரிக்குகளின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் பனி உருகத் தொடங்கியதும் சாலைகள் சேதமடையாமல் இருக்கக் கனரக வாகனங்களுக்கு எடைக் கட்டுப்பாடு வருகிறது. ஏப்ரலில் எங்கள் கிடங்கின் பின்வேலிக்கு அப்பால் உள்ள களத்தில் ரிக்குகளின் கோபுரங்கள் கிடத்தி வைக்கப்பட்டு வரிசையாகக் கிடக்கும். தொழிலாளர்கள் துருவைச் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள், பழுதான பம்புகள் பிரித்துப் போடப்பட்டிருக்கும். அந்த மாதத்து ரிக் எண்ணிக்கையை பிப்ரவரியோடு ஒப்பிட்டு 'தொழில் சரிந்துவிட்டது' என்று எழுதுவது பொருளற்றது. சென்ற ஆண்டு ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். எண்ணெய் மணலிலிருந்து எடுத்த எண்ணெயைத் தரம் உயர்த்தும் ஆலைகளும் வசந்த காலத்தில்தான் பெரும் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகின்றன. ஏப்ரல், மே மாத உற்பத்தி எண்கள் தணிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓராண்டு முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். 2016 மே மாதம் ஃபோர்ட் மெக்மர்ரே நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 80,000-க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள், ஏறத்தாழ 2,400 கட்டடங்கள் அழிந்தன, நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் அளவுக்கு உற்பத்தி நின்றது. அந்த ஒரு மாதத்தால் கனடா முழுவதன் காலாண்டு உள்நாட்டு உற்பத்தியே சுருங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு மே மாதத்து ஒப்பீட்டில் தெரிந்த பெரும் வளர்ச்சியை வளர்ச்சியென்று கொள்ள முடியாது; பள்ளத்திலிருந்து சமதரைக்கு வந்ததைத்தான் அது காட்டியது.

இனி வேலைவாய்ப்பு. கனடியப் புள்ளியியல் துறை நடத்தும் உழைப்பாளர் கணக்கெடுப்பு, மாதத்தின் 15-ஆம் தேதி அடங்கும் வாரத்தைக் குறித்து வீடுகளில் கேட்கப்படுகிறது. அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வருகிறது. ஒரு வீடு ஆறு மாதங்கள் கணக்கெடுப்பில் இருக்கும். இது மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால், 'இந்த மாதம் ஆல்பர்ட்டாவில் 3,000 வேலைகள் போயின' என்ற வகைச் செய்திக்கு மதிப்புக் குறைவு. அவ்வளவு சிறிய மாற்றம் மாதிரிப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். கால்கரி, எட்மன்டன் போன்ற நகரங்களுக்கு அத்துறையே மூன்று மாத நகரும் சராசரியைத்தான் வெளியிடுகிறது. தனி ஒருவர் முடிவெடுக்க அதுதான் ஏற்ற எண்.

வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்ப்பதும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். 2022 ஆகஸ்டில் மாகாண அரசே பிற மாகாணத்தவரை இங்கு வந்து குடியேற அழைத்து விளம்பர இயக்கம் தொடங்கியது. வீட்டு விலை ஒன்டாரியோவையும் பிரிட்டிஷ் கொலம்பியாவையும் விடக் குறைவு. மாகாண விற்பனை வரி கிடையாது. 2023-ல் மட்டும் மக்கள் தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல், அதாவது 4.4 விழுக்காடு, கூடியது. 2024-ல் வேலையில் இருப்போர் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. ஆனாலும் வேலையின்மை விகிதம் ஏறத்தாழ 6 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காட்டுக்கு ஏறியது, ஏனென்றால் வேலை தேடி வந்தவர்கள் உருவான வேலைகளைவிட அதிகம். 2025 ஆகஸ்டில் அது 8 விழுக்காட்டைக் கடந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் புதிதாக வந்தவர்களும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எங்கள் நிறுவனத்தில் கிடங்கு உதவியாளர் பணி ஒன்றுக்கு வரும் விண்ணப்பக் கட்டில், பொறியியல் பட்டம் பெற்ற நம்மவர்களின் பெயர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இணையத்தில் 'கால்கரி வாருங்கள், வேலை கொட்டிக் கிடக்கிறது' என்று காணொளி போடுகிறவர்கள் வேலைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், அதற்குப் போட்டியிடுவோர் எண்ணிக்கையைச் சொல்வதில்லை.

விலை ஏறியும் வேலை ஏன் பெருகவில்லை என்பதற்கு மூலதனச் செலவுதான் விடை. 2014 வரை நிறுவனங்கள் புதிய சுரங்கங்களையும் ஆலைகளையும் கட்டிக்கொண்டிருந்தன. ஒரு திட்டத்தைக் கட்ட ஆயிரக்கணக்கான வெல்டர்கள், குழாய் பொருத்துவோர், பொறியாளர்கள், முகாம் சமையல்காரர்கள் தேவைப்பட்டார்கள். கட்டி முடித்த பிறகு அதை இயக்க அதில் சிறு பங்கினர் போதும். 2014-ன் பிற்பகுதியில் விலை வீழ்ந்ததும் இரண்டே ஆண்டுகளில் எண்ணெய், எரிவாயுத் துறை முதலீடு பாதிக்கும் கீழே போனது. 2016 இறுதியில் வேலையின்மை 9 விழுக்காட்டைத் தொட்டது. 2022-ல் எண்ணெய் 100 டாலரைத் தாண்டியபோதும் முதலீடு பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. கடனை அடைத்தார்கள், ஈவுத்தொகை கொடுத்தார்கள், சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கினார்கள். உற்பத்தி மட்டும் புதிய உச்சங்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. கால்கரி நகர மையத்தில் அலுவலகக் கட்டடங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தது இதன் மறுபக்கம்.

மாகாணங்களுக்கு மாதாந்திர உள்நாட்டு உற்பத்திக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய மாகாண நிதித் துறை ஒரு செயற்பாட்டுக் குறியீட்டைத் தொகுக்கிறது. வேலைவாய்ப்பு, வாரச் சம்பளம், சில்லறை வணிகம், மொத்த வணிகம், உற்பத்தித் தொழில், புதிய வீடுகள், ரிக்குகள், எண்ணெய் உற்பத்தி ஆகியவற்றோடு புதிய டிரக் விற்பனையும் அதில் உண்டு. டிரக் எதற்கு என்று வெளியூர்க்காரர் வியக்கலாம். இங்கே ஒரு வெல்டர் தன் கருவிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு களத்துக்குப் போவது தன் சொந்த டிரக்கில்தான். அடுத்த ஓராண்டுக்கு வேலை உண்டென்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் புதியதை வாங்குவார். ஒரே எண்ணைப் பார்க்க நேரமிருப்பவருக்கு இந்தக் குறியீட்டையே பரிந்துரைப்பேன்.

விலைவாசியில் மின்கட்டணத்தைத் தனியே பார்க்கவும். 2023 ஜூலையில் ஆல்பர்ட்டாவில் அது ஓராண்டுக்கு முன்பிருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. எண்ணெய்க்கு அப்பாலும் ஒரு கண் வேண்டும்: எரிவாயுவின் உள்ளூர் விலை 2024, 2025 கோடைகளில் ஏறக்குறைய பூச்சியத்தைத் தொட்ட நாட்கள் உண்டு. உழவில், எண்ணெய் வித்தான கனோலாவுக்கு 2025-ல் சீனா விதித்த வரி பெரிய அடியாக இருந்தது.

அரசு வருவாயைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. எண்ணெய் மணல் திட்டம் தன் முதலீட்டை மீட்கும்வரை மொத்த வருவாயில் 1 முதல் 9 விழுக்காடுதான் ராயல்டி, அதாவது வளத்தை எடுப்பதற்காக அரசுக்குச் செலுத்தும் தொகை. மீட்டபின் நிகர வருவாயில் 25 முதல் 40 விழுக்காடு, அதுவும் எண்ணெய் விலையைப் பொறுத்து ஏறும். அதனால்தான் இயற்கை வள வருவாய் 2020-21-ல் சுமார் 310 கோடி டாலராக இருந்தது, 2022-23-ல் 2,520 கோடி டாலராகப் பாய்ந்தது. 2025-ன் வரவு செலவுத் திட்டப்படி, டபிள்யூ.டி.ஐ. சராசரியில் ஒரு டாலர் மாறினால் ஆண்டு வருவாயில் 75 கோடி டாலர் மாறும். பள்ளியும் மருத்துவமனையும் இப்படி ஊசலாடும் பணத்தில் நடக்கக் கூடாது என்றுதான் 1976-ல் முதல்வர் பீட்டர் லாஹீட் சேமிப்பு நிதி ஒன்றைத் தொடங்கி, வள வருவாயில் 30 விழுக்காட்டை அதில் இட ஏற்பாடு செய்தார். அது பின்னர் பாதியாகக் குறைக்கப்பட்டு, 1987-ல் நின்றே போனது. இருபது ஆண்டுகள் பிந்தி 1996-ல் பணம் போடத் தொடங்கிய நார்வேயின் நிதி இன்று ஒரு லட்சம் கோடி அமெரிக்க டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. ஆல்பர்ட்டாவினுடையது 3,000 கோடி கனடிய டாலர் அளவில்தான் நிற்கிறது. இந்த மண்ணில் பிள்ளைகளை வளர்ப்பவன் என்ற முறையில், இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் கணக்கு.

உங்கள் நிலைக்கு வருகிறேன். கால்கரியின் மூன்று மாதச் சராசரி வேலையின்மையையும், நீங்கள் இப்போது இருக்கும் நகரத்தின் அதே எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே உங்கள் துறையில் வேலையில் இருப்போர் எண்ணிக்கை ஓராண்டில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பொறியாளரானால் மாகாணத் தொழில்முறை அமைப்பின் பதிவுக்கான ஆவணங்களை வருவதற்கு முன்பே அனுப்பத் தொடங்குங்கள். எண்ணெய்க் கள வேலையானால் மார்ச், ஏப்ரலில் வந்து இறங்க வேண்டாம். குளிர்காலத் துளையிடுதலுக்கான ஆள்சேர்ப்பு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. செப்டம்பரில் உரிமங்களும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் கையில் இருந்தால், அழைப்பு வர வாய்ப்புக் கூடுதல்.